அம்மாவின் பிறந்தநாளை மதுரையில் இரண்டு இரவுகள் தங்கிக் கொண்டாட: முழுமையான வழிகாட்டி

வயதான தாயையோ தந்தையையோ பிறந்தநாளுக்காக ஒரு நகரத்துக்கு அழைத்துச் சென்று இரண்டு இரவுகள் தங்கித் திரும்ப நினைப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். வேறு ஊரிலிருந்து கிளம்பினால் ரயில் மட்டும் மாறும், வரிசை மாறாது.

முதன்முறை இப்படி அழைத்துச் செல்பவர்கள் எதை எதைப் பார்ப்பது என்ற பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியல் கடைசியில் வர வேண்டியது. எந்த நாள், எவ்வளவு நடக்க முடியும், மதியம் எங்கே படுப்பது என்ற மூன்றையும் முதலில் முடிவுசெய்துவிட்டால் மற்றவை தாமாகவே அமைந்துவிடும். இவற்றுள் மதிய ஓய்வுதான் மிக முக்கியமானது, மிக எளிதாகக் கைவிடப்படுவதும் அதுதான்.

1. எந்தப் பிறந்தநாள் என்பதை உறுதிசெய்தல்

நம் பெற்றோர் தலைமுறையில் பலருக்கு இரண்டு அல்லது மூன்று பிறந்தநாட்கள் இருக்கின்றன. சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் கணக்குப் பார்த்துப் போட்ட தேதியாக இருக்கலாம். உண்மையான ஆங்கிலத் தேதி வேறாக இருக்கலாம். அவர்கள் மனத்தளவில் தம் பிறந்தநாள் என்று கொள்வதோ தமிழ் மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளாக இருக்கலாம்.

ஆதார் அட்டையைப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, "அன்றைக்கு என் பிறந்தநாளே இல்லையே" என்று அம்மா சொன்ன பிறகு விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனவே முதல் வேலையாக எந்த நாளைக் கொண்டாட விரும்புகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நட்சத்திரப் பிறந்தநாள் என்றால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும். ஒரே தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வருவதும் உண்டு. அப்போது எதைக் கொள்வது என்பது வீட்டு வழக்கம்.

நாள்காட்டி பார்ப்பவர்களாக இருந்தால் கிளம்பும் நாளையும் அவர்களிடம் காட்டிவிடுங்கள். ஜென்ம நட்சத்திரத்தன்று பயணம் தொடங்குவதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சந்திராஷ்டமத்தையும் ராகு காலத்தையும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. அவர்கள் மனம் உறுத்தாமல் வண்டி ஏற வேண்டும் என்பதே காரணம்.

அறுபது, எழுபது, எண்பது நிறைவு ஆண்டுகளுக்குச் சாந்தி செய்யும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதை இந்தப் பயணத்தோடு கலக்க வேண்டாம். உறவினர் கூடும் விழாவின் வேலை வேறு, இருவர் போய் வரும் பயணத்தின் வேகம் வேறு.

2. பயணத்தை மறைத்து வைக்காமல் சொல்லிவிடுதல்

கடைசி நிமிடத்தில் சொல்லி மகிழ்விக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இளைஞர்களுக்கு அது இனிக்கும். ஆனால் மாத்திரை, பால்காரர், வீட்டுச் சாவி, துளசிச் செடிக்குத் தண்ணீர் என்று பல ஏற்பாடுகளைச் செய்துவிட்டுக் கிளம்பிப் பழகிய ஒருவருக்கு அது பதற்றத்தையே தரும். குறைந்தது மூன்று வாரம் முன்பு சொல்லிவிட்டால், அந்த மூன்று வாரமும் அவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். பயணத்தின் பாதி இன்பம் அதில் இருக்கிறது.

சொல்லும்போது செலவு குறித்த கேள்வி உடனே வரும். ரயிலுக்கும் அறைக்கும் முன்பே பணம் கட்டியாகிவிட்டது, ரத்து செய்தால் முழுத்தொகை திரும்பாது என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் கண்முன் பர்ஸைத் திறந்தால், ஒவ்வொரு இடத்திலும் "இது எதற்கு" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே பெரிய செலவுகளை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

அத்துடன், பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சில்லறை மாற்றிய ஒரு தொகையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பூ வாங்குவது, உண்டியலில் போடுவது, அர்ச்சனைத் தட்டு வாங்குவது ஆகியவற்றை அவர்களே செய்யட்டும். எல்லாவற்றுக்கும் பிள்ளையின் கையை எதிர்பார்த்து நிற்கும்படி விட்டால், அந்த நாள் அவர்களுடைய நாளாக இருக்காது.

3. நடையளவும் மருந்தும்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, உங்கள் ஊரிலேயே சற்றுப் பெரிய கோயிலுக்கோ பூங்காவுக்கோ அவர்களை அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு நேரம் நடந்த பிறகு உட்கார இடம் தேடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் கவனியுங்கள். கேட்டால் "எனக்கு ஒன்றும் இல்லை, நான் நடப்பேன்" என்றுதான் பதில் வரும். பார்த்தால்தான் உண்மை தெரியும். இருபது நிமிடத்தில் உட்காருகிறார்கள் என்றால், மதுரையில் எந்த இடத்திலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை மூன்று செயல்கள் போதும். தங்கும் நாட்களுக்குத் தேவையானதோடு இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதிய சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். மருந்துப் பையைப் பெட்டிக்குள் வைக்காமல் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் அது பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், உறைந்துவிட்ட இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. அறைக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் அதை வைத்துவிடுவது பலர் செய்யும் தவறு.

எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய, வழுக்காத செருப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதுச் செருப்பு வேண்டாம். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு முதல் நாளே காலைக் கடித்துவிட்டால் மீதி நாட்கள் அறையிலேயே கழியும்.

4. தேதியும் ரயிலும்

பிறந்தநாள் நடுநாளாக அமைய வேண்டும். முந்தைய நாள் போய்ச் சேர்ந்து, ஒரு நல்ல இரவு தூங்கி எழுந்து, பிறந்தநாளை முழுதாகக் கழித்துவிட்டு, மறுநாள் திரும்புவதுதான் சரியான அமைப்பு. ஒரு நாள் விடுப்பை மிச்சப்படுத்துவதற்காகப் பிறந்தநாள் அன்றே போய் இறங்குபவர்கள், அன்றைய காலை முழுவதையும் அவர்களின் களைப்போடு கழிக்க நேர்கிறது.

பிறந்தநாள் சித்திரைத் திருவிழா நாட்களிலோ, ஐயப்ப பக்தர்கள் மிகுதியாக வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலோ, பொங்கல் விடுமுறையிலோ விழுந்தால், ஒரு வாரம் தள்ளிப்போவது குறித்து அவர்களிடம் பேசிப் பாருங்கள். கூட்டத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்கும். மதுரையின் ஏப்ரல், மே வெயில் இளைஞர்களுக்கே கடினம். நாளை மாற்ற அவர்களுக்கு விருப்பமில்லை என்றால், அன்று காலை உங்கள் ஊர்க் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுப் பயணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. 2024 நவம்பர் 1க்கு முன்பு அது 120 நாட்களாக இருந்தது. பழைய கணக்கையே நினைவில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டிகளில் தேஜஸ் காலை 6 மணி வாக்கில் கிளம்பி நண்பகல் கடந்ததும் சேர்கிறது, வியாழக்கிழமை கிடையாது. வைகை பிற்பகலில் கிளம்பி இரவு 9 மணிக்குமேல் சேர்கிறது. பாண்டியன் இரவில் கிளம்பி விடியற்காலையில் சேர்கிறது. 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் நாகர்கோவில் வந்தே பாரத் வேகமானதுதான், ஆனால் அதிகாலை 5 மணிக்குப் புறப்படுவதால் வீட்டில் மூன்று மணிக்கே எழ வேண்டியிருக்கும்.

இவற்றில் போவதற்குத் தேஜஸையே பரிந்துரைப்பேன். நண்பகலில் சேர்ந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்தால் முதல் மாலை கையில் கிடைக்கும். தூக்கம் கெட்டால் தலைவலி வந்துவிடும் என்பவர்களுக்கு வைகை நல்லது. பாண்டியனில் போனால் அறை எடுக்கும் நேரச் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். நேரங்கள் அவ்வப்போது மாறுகின்றன. எழும்பூரில் வேலை நடக்கும் காலங்களில் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து இயக்குவதும் உண்டு. ஆகவே ஏறும் நிலையத்தை டிக்கெட்டில் பார்த்துவிட்டே வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

இரவு வண்டியில் கீழ்ப்படுக்கை கிடைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த வயதை எட்டியவர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு மட்டுமோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு பொருந்தும். முப்பது வயதுப் பிள்ளை அம்மாவோடு ஒரே டிக்கெட்டில் பதிவுசெய்தால் அது கணக்கில் வராது. அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுத்தால் இருவரும் வேறு வேறு பெட்டியில் போக நேரலாம், ஆகவே அதையும் எண்ணிப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பகல் வண்டியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

5. அறையைத் தேர்ந்தெடுத்தல்

ரயில் நிலையத்துக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில், குறிப்பாக டவுன் ஹால் சாலையிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும், விடுதிகள் நிறைந்திருக்கின்றன. ஊருக்கு வெளியே உள்ள பெரிய விடுதி அழகாக இருக்கலாம், ஆனால் மதியம் ஓய்வெடுக்க அறைக்குத் திரும்புவது அங்கிருந்து கடினமாகிவிடும். ஓய்வுக்குத் திரும்ப முடியாத அறை இந்தப் பயணத்துக்கு ஏற்றதல்ல.

பதிவு செய்யுமுன் தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இணையத்தில் உள்ள படங்கள் இவற்றைக் காட்டா.

லிஃப்ட் தரைமட்டத்திலிருந்து தொடங்குகிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றில் அரை மாடிப் படி ஏறிய பிறகுதான் லிஃப்ட் வரும். கழிப்பறை உட்கார்ந்து பயன்படுத்தும் வகையா என்று கேளுங்கள். சுடுதண்ணீர் எந்நேரமும் வருமா, காலையில் சில மணி நேரம் மட்டுமா என்று கேளுங்கள். இரண்டு தனிக் கட்டில்கள் இருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் இரவில் இரண்டு முறை எழுந்து போகும் பழக்கமுள்ள தாய், பிள்ளையின் தூக்கம் கெடும் என்று எழாமலே படுத்திருப்பார்.

அறைக்கான நேரக் கணக்கு நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறதா, நுழைந்ததிலிருந்து 24 மணி நேரமா என்பது மிக முக்கியம். பாண்டியனில் விடியற்காலை இறங்கி, அறை நண்பகலில்தான் கிடைக்கும் என்று தெரிந்தால், அம்மா வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்தபடி காலையைக் கழிக்க வேண்டியதுதான். 24 மணி நேரக் கணக்குள்ள விடுதியைப் பிடியுங்கள், இல்லையேல் ரயில் நிலைய ஓய்வறையை முன்பதிவு செய்யுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் வேறு அறை கேளுங்கள். பழைய துண்டு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் குளியலறை வாசலில் மடித்துப் போடுவதும் உதவும்.

6. மதிய ஓய்வை முதலில் எழுதுதல்

இப்போதுதான் அட்டவணையைத் தொடங்க வேண்டும். ஒரு தாளில் ஒவ்வொரு நாளுக்கும் பகல் 1 மணியிலிருந்து 3.30 வரை "அறை" என்று எழுதுங்கள். அதற்கு முன்பு ஒன்று, அதற்குப் பின்பு ஒன்று என்று மட்டுமே மற்றவற்றைச் சேருங்கள்.

மதுரைக்கு இந்த அமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. மீனாட்சி அம்மன் கோயிலில் பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலும் அந்த நேரத்தில்தான் கடுமை. அதைத் தெரியாமல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் வாசலில் வந்து நிற்பவர்கள் அந்த மூன்றரை மணி நேரத்தையும் கடைத்தெருவில் கழித்துவிட்டு, மாலையில் நடக்கும் வலுவில்லாமல் போகிறார்கள்.

அட்டவணை போடும்போது வரும் பெரிய சபலம் ராமேசுவரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிடுவார்கள். மதுரையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், இடையில் தீர்த்தக் கிணறுகளும் நீண்ட பிரகாரமும். இரண்டு இரவுப் பயணத்தில் அதற்கு இடமே இல்லை. அழகர்கோயிலையும் திருப்பரங்குன்றத்தையும் ஒரே நாளில் சேர்ப்பதும் அப்படியே. அம்மாவே ராமேசுவரம் வேண்டும் என்று கேட்டால், அதற்கெனத் தனியாக ஒரு பயணம் போங்கள்.

7. முதல் மாலை: புடவையும் பூவும்

முதல் மாலையைப் பரிசுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரிசை முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் மறைத்து எடுத்துவருவதைவிட, அவர்களே தேர்ந்தெடுக்கும்படி விட்டுப் பிறந்தநாளன்று அதையே உடுத்த வைப்பது மேலானது. மதுரையில் அதற்குப் பொருத்தமானது சுங்குடிச் சேலை. விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பகுதிகளில் அதற்கான கடைகள் இருக்கின்றன. பருத்தி என்பதால் பயணத்திலும் வெயிலிலும் உடம்புக்கு இதமானது. பிளவுஸ் தைக்க நேரமிருக்காது, ஆகவே எந்த நிறச் சேலைக்கும் ஒத்துவரும் பிளவுஸ் ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துவரச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டால் சேலை பெட்டியிலேயே ஊர் திரும்பும்.

கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடியும் அச்சிட்ட சுங்குடியும் அருகருகே விற்கப்படும். முடிச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, துணியில் சிறு சுருக்கமும் தெரியும். அச்சுப் புள்ளிகள் ஒரே அளவாக இருக்கும். விலை வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான், வாங்குமுன் எது என்று கேட்டுவிடுங்கள். முதல் முறை துவைக்கும்போது உப்புத் தண்ணீரில் தனியாக நனைக்க வேண்டும்.

கடையில் உட்கார நாற்காலி கேட்டு வாங்கி அம்மாவை அமர வைத்துவிட்டுப் பிறகு சேலைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே கடை போதும். திரும்பும் வழியில் மறுநாள் காலைக்கான மல்லிகை வேண்டாம், அது இரவிலேயே மலர்ந்து காலையில் வாடியிருக்கும். காலையில் கோயில் வாசலில் புதிதாகக் கிடைக்கும்.

அன்று இரவு 9 மணிக்குள் படுத்துவிட வேண்டும்.

8. பிறந்தநாள் காலை: கோயில்

கோயிலுக்குள் கைப்பேசி அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. இந்த ஒரு விதி பிறந்தநாள் காலையை மூன்று வகைகளில் பாதிக்கிறது, மூன்றுக்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதலாவது, வாழ்த்துச் சொல்ல அழைப்பவர்கள். உறவினர்கள் காலை ஏழிலிருந்து பத்துக்குள்தான் அழைப்பார்கள். அம்மாவின் கைப்பேசி அறையிலோ வாசல் பாதுகாப்பகத்திலோ இருக்கும். பதில் வராததால் அவர்கள் கவலைப்படுவார்கள், வெளியே வந்து பார்க்கும் அம்மாவுக்கும் வருத்தம். ஆகவே முந்தைய இரவே உடன்பிறந்தவர்களுக்கும் நெருங்கியவர்களுக்கும் செய்தி அனுப்பி, காலை 11 மணிக்குப் பின் அழைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, படங்கள். கோயிலுக்குள் ஒரு படமும் எடுக்க முடியாது. புதுச்சேலையில் அறையிலேயே சில படங்களை எடுத்துவிட்டுக் கைப்பேசிகளை அங்கேயே பூட்டி வையுங்கள். கோபுரத்தோடு படம் வேண்டும் என்றால் மாலையில் சித்திரை வீதியில் எடுக்கலாம்.

மூன்றாவது, கூட்டத்தில் பிரிந்துபோதல். ஏறத்தாழ 14 ஏக்கர் வளாகம், நான்கு பக்கமும் வாசல், கையில் கைப்பேசி இல்லை. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை உள்ளே நுழையுமுன் பேசிவையுங்கள். முக்குறுணி விநாயகர் சந்நிதி நல்ல அடையாளம். விநாயகர் பெரிய உருவம், யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். விடுதியின் முகவரி அட்டையையும், உங்கள் எண்ணை எழுதிய சீட்டையும் அம்மாவின் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

கிளம்பும் நேரம் காலை 6 மணிக்குள் இருக்கட்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட முடியாதவர் என்றால் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடுங்கள், விரதம் பெரிதா உடல் பெரிதா என்ற வாதத்தை வாசலில் நடத்தாமல் முந்தைய நாளே பேசி முடித்துவிடுங்கள். அறையிலிருந்து கிளம்புமுன் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் நெரிசலில் அதற்கு இடமிருக்காது.

சித்திரை வீதிகளுக்குள் ஆட்டோ வராது. இறங்கும் இடத்திலிருந்து சற்று நடக்க வேண்டும். முதியோருக்காக அங்கே ஓடும் பேட்டரி கார் இருக்கிறதா என்று கேளுங்கள், உள்ளே செல்லச் சக்கர நாற்காலியும் கேட்டுப் பார்க்கலாம். சக்கர நாற்காலி என்றதும் பெரும்பாலான பெற்றோர் மறுப்பார்கள். "போகும்போது நடந்துவிடலாம், திரும்பும்போது மட்டும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

கிழக்குப் பக்கம் அட்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் நேரே அம்மன் சந்நிதிப் பக்கம் போகலாம். முதலில் மீனாட்சி, பிறகு சுந்தரேசுவரர் என்பது மதுரை வழக்கம். சிறப்பு தரிசனக் கட்டணச் சீட்டு வாங்க அம்மா தயங்கலாம். நிற்கும் நேரம் குறைகிறது என்பதற்காக அதை வாங்கிவிடுவதே நல்லது. அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவசரத்தில் அம்மா தன் பெயரை விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிவிடுவார். சீட்டில் அவர் பெயரை முதலில் எழுதுங்கள்.

இரண்டு சந்நிதிகளுக்கும் இடையே பொற்றாமரைக் குளப் படிக்கட்டில் கால் மணி நேரம் உட்காருங்கள். இது ஓய்வு மட்டுமன்று, அன்று காலையில் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் இதுதான். கைப்பேசி இல்லாததன் நன்மை இங்கே கிடைக்கிறது. திருமணமான புதிதில் இங்கே வந்தது, தாத்தா பாட்டியோடு வந்தது என்று அவர்களாகவே பேசத் தொடங்குவார்கள், குறுக்கிடாதீர்கள். ஆயிரங்கால் மண்டபம் அதற்குப் பிறகு, வலுவிருந்தால் மட்டும்.

கோயிலில் அன்னதானத் திட்டம் நடக்கிறது. அம்மாவின் பெயரில் ஒரு தொகையை அங்கே செலுத்தி ரசீதை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பொருள் எதையும் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர்கூட இந்த ரசீதை மறுக்க மாட்டார்கள்.

குடும்பம் வேறு சமயத்தைச் சேர்ந்ததாக இருந்தால் காலை வழிபாட்டின் இடம் மாறும், அவ்வளவே. கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயமும், காஜிமார் தெருவில் பெரிய பள்ளிவாசலும் இதே விடுதிப் பகுதியிலிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன.

9. பிறந்தநாள் சாப்பாடு

பிறந்தநாள் விருந்து இரவில் அன்று, மதியத்தில் இருக்க வேண்டும். இரவு கனமாகச் சாப்பிட்டால் தூக்கமும் செரிமானமும் கெடும், மறுநாள் பயணமும் இருக்கிறது. வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பகல் 12 மணிக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்குமேல் இடத்துக்காக மற்றவர் நாற்காலியின் பின்னால் நிற்க வேண்டியிருக்கும், வயதானவர்கள் அப்படி நிற்பதையும் விரும்பமாட்டார்கள், பின்னால் ஒருவர் நிற்க நிம்மதியாகச் சாப்பிடவும் மாட்டார்கள்.

மதுரையின் கறிதோசையும் அசைவக் கடைகளும் புகழ்பெற்றவைதான். ஆனால் பிறந்தநாளன்று அசைவம் தொடாத வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவற்றை முதல் நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேக் வேண்டுமா என்பதைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். முட்டை சேர்ந்தது வேண்டாம் என்பவர்களும், மெழுகுவத்தியை ஊதி அணைப்பது அமங்கலம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். உணவகத்தில் சொல்லிவைத்து ஊழியர்கள் கைதட்டிப் பாடுவது கூச்சத்தை உண்டாக்கும். பாயசத்தில் முதல் கரண்டியை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் போதும்.

ஜிகர்தண்டாவை மதியச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். பாலும் சர்க்கரைப் பாகும் ஐஸ்கிரீமும் சேர்ந்தது அது. சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் மாலையில் ஒரே டம்ளர் வாங்கி, அவருக்கு இரண்டு மூன்று வாய் கொடுத்துவிட்டு மீதியை நீங்கள் குடியுங்கள். ஒரேயடியாகத் தடுப்பது பிறந்தநாளன்று மனத்தை நோகடிக்கும்.

10. பிறந்தநாள் மாலை

மூன்றரைக்கு எழுந்து காபி குடித்துவிட்டு நான்கு மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். கோயிலிலிருந்து ஆட்டோவில் சில நிமிடத் தொலைவு. மகால் மாலை 5 மணியோடு மூடப்படுகிறது, ஆகவே தாமதிக்கக் கூடாது. ஒலி ஒளிக் காட்சி அன்று நடக்கிறதா, தமிழ்க் காட்சி எப்போது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்க் காட்சி இரவில் பிந்தி இருந்தால் விட்டுவிடுங்கள்.

அழைத்து வந்தது அப்பாவை என்றால், அல்லது கோயிலில் பெரிய ஈடுபாடில்லாத அம்மாவை என்றால், தமுக்கம் மைதானத்துக்கு அருகே ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம் நல்ல தேர்வு. 1959இல் நேரு திறந்துவைத்தது, காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த துணி அங்கே இருக்கிறது. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் படிப்பவர்களுக்கு நிறைவு தரும். உட்கார இடமும் லிஃப்டும் இருப்பதால் முதியவர்களுக்கு எளிது.

இரவு 7 மணிக்குப் பேரப்பிள்ளைகளோடு காணொளி அழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வைத்தால் அவசரம், மதியம் வைத்தால் ஓய்வு போய்விடும். சொல்வதற்கு ஒரு நாள் நிகழ்ச்சிகள் சேர்ந்திருக்கும் நேரம் மாலைதான்.

மீனாட்சி கோயிலைப் பலமுறை பார்த்தவர் என்றால் ஒரு மாற்று இருக்கிறது. காலைத் தரிசனத்தை விட்டுவிட்டு, இரவு 9 மணிக்குமேல் நடக்கும் பள்ளியறைப் பூசைக்கு அழைத்துச் செல்லலாம். சுவாமியின் திருப்பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்கு எடுத்துச் செல்வார்கள். ஆனால் காலையும் இரவும் என்று இரண்டையும் வைக்க வேண்டாம். இரண்டு முறை செருப்பு விட்டு, இரண்டு முறை சோதனை முடித்து, இரண்டு முறை கல்தரையில் நடப்பது அதிகம்.

11. மூன்றாம் நாள்

கடைசி நாளில் புதிய இடம் எதையும் சேர்க்கக் கூடாது. பிற்பகல் 3 மணி வாக்கில் மதுரையிலிருந்து கிளம்பும் தேஜஸில் திரும்பினால், காலையில் அவசரமில்லாமல் எழுந்து, நண்பகல் வரை பெட்டி அடுக்கவும் அக்கம்பக்கத்தாருக்கு எதையாவது வாங்கவும் நேரம் இருக்கும். வெறுங்கையோடு ஊர் திரும்ப அம்மா சம்மதிக்க மாட்டார், இதற்கென்று ஒரு மணி நேரத்தை முன்பே ஒதுக்கிவிடுங்கள். அறையைக் காலி செய்யும் நேரம் நண்பகல் என்றால், பிற்பகல் 2 மணி வரை நீட்டிக்க முந்தைய இரவே வரவேற்பறையில் கேட்டுவிட வேண்டும். காலையில் கேட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

மதுரை மல்லிகை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்குக் கொண்டுபோக விரும்பினால் நிலையத்துக்குப் புறப்படும் நேரத்தில் மொட்டாக வாங்கி, தண்ணீர் தெளிக்காமல் வாழை இலையில் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வேர்த்துக் கறுத்துவிடும்.

நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நடைமேடை மாறினால் படியேறி ஓடும் நிலை வயதானவருக்கு வரக்கூடாது. ரயிலில் இரவு உணவு நேரத்து மாத்திரையை நீங்கள் நினைவூட்டுங்கள். வண்டியில் சாப்பாடு தாமதமானால் மாத்திரையும் தவறிப்போகும், ஆகவே நான்கு இட்லியைப் பொட்டலமாகக் கையில் வைத்திருங்கள். சென்னையில் இறங்கும்போது இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக்குப் போகும் வண்டியைச் செங்கல்பட்டு கடந்ததும் பதிவுசெய்துவிடலாம், தாம்பரத்தில் இறங்குவது வீட்டுக்கு அருகில் என்றால் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.